பிள்ளைக்கு மாற்றல் உத்தரவு வந்தால் காரை என்ன செய்வது?

வானொலியில் நான் இரண்டு வாரங்களாகப் பேசியதை, வாசிப்பதற்கு ஏற்றபடி சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். ஒலிபரப்பைக் கேட்டுவிட்டு அழைத்தவர்களின் சில கேள்விகளுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

"அமெரிக்கப் படையில் நம்மவர்கள் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள், இதற்கு இரண்டு வாரமா?" என்று ஓர் அன்பர் கேட்டார். நினைப்பதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்து, கல்லூரிச் செலவுக்காகவோ விருப்பத்தாலோ படையில் சேர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் சேரலாம். 2009 முதல் 2016 வரை நடந்த 'மாவ்னி' என்ற ஆள்சேர்ப்புத் திட்டத்தில், படைக்குத் தேவையான மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. மாணவர் விசாவிலும் வேலை விசாவிலும் வந்திருந்த நம் இளைஞர்கள் சிலர் அந்த வழியாகச் சேர்ந்தார்கள். அவர்களுக்கு இன்று மனைவி மக்கள் இருக்கிறார்கள், இரண்டு கார்களும் இருக்கின்றன.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் வக்கீல் இல்லை. கார் இன்சூரன்ஸ் முகவர் அலுவலகம் ஒன்றில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவள். என் தங்கை மகன் கடற்படையில் இருக்கிறான். அவனுக்கு மாற்றல் வரும்போதெல்லாம் காகிதங்களை அடுக்கிக் கொடுப்பது பெரியம்மாவாகிய என் வேலை.

படையினருக்கு இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை 'பி.சி.எஸ்.' என்ற நிலையான மாற்றல் உத்தரவு வரும். டெக்சஸிலிருந்து வெர்ஜீனியா, அங்கிருந்து கலிபோர்னியா என்று ஒவ்வொரு முறையும் புது மாநிலம், புது விதி. குடும்பங்களில் நான் காணும் குழப்பம் இரண்டு வகை. ஒரு சாரார், "படையில் இருப்பவனுக்கு எந்த மாநில விதியும் கிடையாது" என்று இருந்துவிடுகிறார்கள். மறு சாரார் போன மறுவாரமே எல்லாவற்றையும் புது மாநிலத்துக்கு மாற்றி, கட்டத் தேவையில்லாத வரியையும் கட்டிவிடுகிறார்கள். மத்திய சட்டம் காப்பது படையினரின் சொந்த மாநிலத் தொடர்பையும், அவர் பெயரிலும் துணைவர் பெயரிலும் உள்ள சொத்தையும்தான். சாலை விதிக்கும் இன்சூரன்ஸுக்கும் அந்தச் சட்டத்தில் விலக்கு இல்லை. அப்பா பெயரில் இருக்கும் காரும் அதில் அடங்காது. இனி வரும் விவரங்கள் எல்லாம் இதற்கு விளக்கம்தான்.

மற்றவர்களுக்கு உள்ள கெடு

முதலில் சாதாரணக் குடிமக்களுக்கு என்ன விதி என்று பார்ப்போம். கலிபோர்னியாவில் குடியேறியவர் 10 நாளில் அந்த மாநில ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், 20 நாளில் காரைப் பதிவு செய்ய வேண்டும். டெக்சஸில் காருக்கு 30 நாள், உரிமத்துக்கு 90 நாள். வெர்ஜீனியாவில் காருக்கு 30 நாள், உரிமத்துக்கு 60 நாள். இந்தக் கெடுக்கள் எல்லாம் 'குடியேறியவர்' என்ற சொல்லைச் சார்ந்தவை. உத்தரவின் பேரில் வந்திருக்கும் படைவீரர், அந்தக் காரணத்தால் மட்டும் குடியேறியவர் ஆவதில்லை. சலுகை முழுவதும் அந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் வருகிறது.

எது சொந்த மாநிலம்?

படைக் காகிதங்களில் இரண்டு சொற்கள் வரும். 'ஹோம் ஆஃப் ரெக்கார்ட்' என்பது, சேர்ந்த நாளில் பிள்ளை எந்த ஊரிலிருந்து வந்தான் என்ற பதிவு. பணி முடிந்து ஊர் திரும்பும் பயணச் செலவுக்கு அது பயன்படும். 'லீகல் ரெசிடென்ஸ்' அல்லது 'டொமிசைல்' என்பது வேறு. எந்த மாநிலத்தை நிரந்தரமாகத் தன் ஊர் என்று கொண்டிருக்கிறான், எங்கே வரி, எங்கே வாக்கு என்பதை அது சொல்லும். பலருக்கு இரண்டும் ஒரே மாநிலமாகவே இருக்கும், ஆனால் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை.

இந்த இரண்டாவதை மாற்ற 'டி.டி. 2058' என்ற படிவம் இருக்கிறது. ஆனால் படிவம் மட்டும் போதாது. அந்த மாநிலத்தில் உண்மையில் இருந்திருக்க வேண்டும், அங்கேயே திரும்பும் எண்ணமும் இருக்க வேண்டும். வருமான வரி இல்லாத மாநிலம் என்பதற்காக, போகாத ஊரைச் சொந்த ஊர் என்று எழுதிவிட முடியாது. ஓட்டுநர் உரிமம், காரின் பதிவு, வாக்காளர் பதிவு ஆகியவைதான் அந்த எண்ணத்துக்குச் சாட்சி. உரிமம் ஒரு மாநிலம், கார் ஒரு மாநிலம், சம்பளச் சீட்டில் இன்னொரு மாநிலம் என்று சிதறிக் கிடந்தால், நாளைக்கு ஒரு வரி அதிகாரி கேள்வி கேட்கும்போது பதில் சொல்வது கடினம்.

மாதாமாதம் வரும் சம்பளச் சீட்டை 'எல்.ஈ.எஸ்.' என்பார்கள். அதில் மாநில வரிக்கான பகுதியில் எந்த மாநிலத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அரசு அலுவலகங்களில் முதலில் கேட்கப்படும் சான்று அதுதான்.

நம்பர் பிளேட்டை மாற்ற வேண்டுமா?

'சர்வீஸ்மெம்பர்ஸ் சிவில் ரிலீஃப் ஆக்ட்' என்ற மத்திய சட்டம் 2003 டிசம்பரில் இன்றைய வடிவம் பெற்றது. அதற்கு முன் 1940ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. இந்தச் சட்டத்தின்படி, படை உத்தரவால் ஒரு மாநிலத்தில் இருப்பவரின் சொந்த உடைமைகள் வரி விதிப்புக்காக அந்த மாநிலத்தில் இருப்பதாகவே கருதப்படமாட்டா. கார் மீதான உரிமக் கட்டணம், வரி ஆகியவையும் இதில் அடங்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. காருக்கான அந்தக் கட்டணத்தைச் சொந்த மாநிலத்தில் கட்டியிருக்க வேண்டும். தொழிலுக்குப் பயன்படும் உடைமைக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை.

இதை விளக்க ஒரு பழைய வழக்கு உதவும். கேப்டன் லைமன் பஸார்டு வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்தவர். கலிபோர்னியாவின் காசில் விமானப்படைத் தளத்தில் பணியில் இருந்தார். இடையில் அலபாமாவுக்குத் தற்காலிகப் பணியாகப் போனபோது அங்கே ஓர் ஓல்ட்ஸ்மொபில் கார் வாங்கி, அலபாமா நம்பர் பிளேட்டுடன் கலிபோர்னியாவுக்கு ஓட்டி வந்தார். கலிபோர்னியா, காரின் மதிப்பில் 2 சதவீத உரிமக் கட்டணம் கட்டினால்தான் பதிவு செய்வோம் என்றது. அவர் மறுத்தார். அவர்மீது குற்ற வழக்கே போடப்பட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1966 ஜனவரியில் கேப்டனுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

தீர்ப்பின் சாரம் இரண்டு. சொந்த மாநிலத்தில் பதிவு செய்யப்படாத காரை, பணி செய்யும் மாநிலம் பதிவு செய்யச் சொல்லலாம். ஆனால் பதிவு என்ற பெயரில் வருவாய்க்காக விதிக்கும் வரியை அவரிடம் வாங்க முடியாது. இன்றும் கலிபோர்னியாவில் 'ரெக் 5045' என்ற படிவத்தைக் கொடுத்தால், வெளிமாநிலப் படையினருக்கு அந்த உரிமக் கட்டணம் விலக்கப்படும். மற்றப் பதிவுக் கட்டணங்களைக் கட்டத்தான் வேண்டும்.

ஆகவே பிள்ளைக்கு இரண்டு வழிகள் உண்டு. சொந்த மாநிலப் பதிவைத் தவறாமல் புதுப்பித்து அந்த நம்பர் பிளேட்டையே வைத்துக்கொள்ளலாம். அல்லது பணியிட மாநிலத்தில் பதிவு செய்து, வரி விலக்குப் படிவத்தைக் கொடுக்கலாம். முந்தைய பணியிடத்துப் பழைய நம்பர் பிளேட்டுடன் மூன்றாவது மாநிலத்தில் காலம் தள்ளுவதுதான் சிக்கல். ஒரு மாநிலத்திலும் கட்டணம் புதுப்பிக்காமல் காலாவதியான ஸ்டிக்கருடன் ஓட்டினால், அதற்குச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பும் கிடையாது.

கார் யார் பெயரில் இருக்கிறது?

நம் குடும்பங்களில் இதுதான் பெரிய விஷயம். பிள்ளைக்கு 18 வயது ஆனபோது அப்பா பெயரில் கார் வாங்கியிருப்போம். இன்சூரன்ஸ் மலிவு என்று குடும்பப் பாலிசியிலேயே சேர்த்திருப்போம். பிள்ளை படைக்குப் போன பிறகும் 'டைட்டில்' அப்பா பெயரிலேயே இருக்கும்.

என் தங்கை மகனின் சொந்த மாநிலம் டெக்சஸ். வெர்ஜீனியாவுக்கு மாற்றலாகிப் போனபோது இரண்டு கார்களை ஓட்டிச் சென்றார்கள். ஒன்று அவன் பெயரில், மற்றது என் தங்கை கணவர் பெயரில். வெர்ஜீனியாவில் நகரங்களும் கவுண்டிகளும் காரின் மதிப்பின்மீது ஆண்டுதோறும் சொத்து வரி விதிக்கின்றன. சில மாதங்களில் இரண்டு கார்களுக்கும் நகரத்திலிருந்து வரிச்சீட்டு வந்துவிட்டது. உத்தரவின் நகலையும் டெக்சஸ் என்று காட்டும் சம்பளச் சீட்டையும் அனுப்பியதும், அவன் பெயரில் இருந்த காருக்கு வரி நீங்கியது. அப்பா பெயரில் இருந்த காருக்கு நீங்கவில்லை. உரிமையாளர் படையில் இல்லை, கார் நிற்பதோ வெர்ஜீனியாவில். அலுவலகத்தார் சொன்னது சட்டப்படி சரிதான்.

அதனால் படையினரோ அவர் துணைவரோ ஓட்டும் காரை, புறப்படும் முன்பே அவர்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். பல மாநிலங்களில் பெற்றோர் பிள்ளைக்குக் காரை அன்பளிப்பாகக் கொடுத்தால் விற்பனை வரி இல்லை, அல்லது சிறு கட்டணத்தோடு முடியும். டெக்சஸில் அது 10 டாலர். காரின்மீது கடன் இருந்தால் வங்கியின் அனுமதி வேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஆகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கணவர் அல்லது மனைவிக்கு

முன்பெல்லாம் இந்தச் சலுகை படையினருக்கு மட்டும் இருந்தது. 2009 நவம்பரில் வந்த சட்டம் துணைவரையும் சேர்த்தது. அப்போது இருவருக்கும் ஒரே சொந்த மாநிலம் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. 2018 டிசம்பரில் கையெழுத்தான திருத்தம், துணைவர் படையினரின் மாநிலத்தையே வரிக்காகத் தேர்ந்துகொள்ளலாம் என்றது. 2023 ஜனவரியில் கையெழுத்தான சட்டம் இதை மேலும் தளர்த்தியது. படையினரின் சொந்த மாநிலம், துணைவரின் சொந்த மாநிலம், பணியிட மாநிலம் ஆகிய மூன்றில் ஒன்றை இருவரும் வரிக்காகத் தேர்ந்துகொள்ளலாம்.

நேயர் ஒருவர், "என் மருமகள் சென்னையிலிருந்து நேராக நார்ஃபோக்குக்கு வந்தவள். அவள் டெக்சஸைப் பார்த்ததே இல்லை. அவள் பெயரில் கார் வாங்கலாமா?" என்று கேட்டார். வாங்கலாம். இந்தத் திருத்தங்கள் உதவுவது இத்தகைய பெண்களுக்குத்தான். திருமணச் சான்றிதழின் நகலையும் படைத்துறை தந்த குடும்ப அடையாள அட்டையையும் தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

விற்பனை வரி வேறு

சொத்து வரி இல்லை என்பதால் விற்பனை வரியும் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். 1969இல் கனெக்டிகட் மாநிலம் தொடர்பான சல்லிவன் வழக்கில், கார் வாங்கும்போது விதிக்கும் விற்பனை வரியையும் பயன்பாட்டு வரியையும் படையினரிடமும் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே மாற்றலுக்கு ஒரு மாதம் முன்னால் புதுக் கார் வாங்குவதாக இருந்தால், எந்த மாநிலத்தில் வாங்குவது, எங்கே பதிவு செய்வது என்பதை முதலில் யோசியுங்கள். கட்டிய வரியின் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். இன்னொரு மாநிலத்தில் பதிவு செய்யும்போது, ஏற்கெனவே கட்டியதைப் பல மாநிலங்கள் கழித்துக்கொள்கின்றன. ரசீது இல்லாவிட்டால் கழிவு கிடைப்பது கடினம்.

ஓட்டுநர் உரிமம்

மேலே சொன்ன மத்திய சட்டம் வரியைப் பற்றியது. ஓட்டுநர் உரிமத்தைப் பற்றி ஒவ்வொரு மாநிலமும் தனியே விதி வைத்திருக்கிறது. பொதுவாக, சொந்த மாநிலத்தின் செல்லுபடியான உரிமத்துடன் படையினர் பணியிட மாநிலத்தில் ஓட்டலாம். வெர்ஜீனியா இதைத் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் விரித்திருக்கிறது. எல்லா மாநிலமும் அப்படி இல்லை. மருமகளுக்கும் கல்லூரி வயதுப் பேரப்பிள்ளைக்கும் என்ன விதி என்பதை அந்த மாநில டி.எம்.வி. அலுவலகத்தில் தனியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

உரிமம் காலாவதி ஆவது இன்னொரு தொல்லை. வெளியூரில் பணியில் இருக்கும் தங்கள் படையினருக்குச் சில மாநிலங்கள் காலத்தை நீட்டித் தருகின்றன. கலிபோர்னியா உரிமம் உள்ளவர் படைப்பணியில் மாநிலத்துக்கு வெளியே இருந்தால், பணி முடிந்து 30 நாள் வரை அது செல்லும். அதற்கு ஒரு நீட்டிப்பு அட்டையும் தருகிறார்கள். அந்த அட்டையை உரிமத்தோடு சேர்த்தே வைத்திருக்க வேண்டும். ஏனென்றால் வேறு மாநிலத்துப் போலீஸ்காரருக்குக் கண்ணில் படுவது அட்டையில் உள்ள காலாவதித் தேதிதான். கார் வாடகை நிறுவனங்களும் அந்தத் தேதியையே பார்க்கும். முடிந்தால் காலாவதியாகும் முன்பே இணையம் வழியாகவோ தபாலிலோ புதுப்பிப்பது நல்லது.

மருமகளிடம் இந்திய உரிமமோ இலங்கை உரிமமோதான் இருக்கிறது என்றால், அது 'சொந்த மாநில உரிமம்' ஆகாது. சர்வதேச ஓட்டுநர் அனுமதி என்பது ஊர் உரிமத்தின் மொழிபெயர்ப்பே தவிர, தனி உரிமம் அல்ல. அவர் எழுத்துத் தேர்வும் சாலைத் தேர்வும் எழுதி இங்கே உரிமம் பெற வேண்டியிருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதைத் தயவு செய்து வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். 1993ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, பெரும்பாலான மாநிலங்களில் ஓட்டுநர் உரிம விண்ணப்பத்தோடு வாக்காளர் பதிவுக்கும் கேள்வி இருக்கும். கிரீன் கார்டில் இருப்பவர், படையில் பணி செய்பவரே ஆனாலும், குடியுரிமை பெறும்வரை அதில் 'ஆம்' என்று குறிக்கக் கூடாது. "நான் குடிமகன்" என்று கையெழுத்திட்டதாக அது பொருள்படும். பின்னால் குடியுரிமை விண்ணப்பம் தடைபடலாம், நாட்டை விட்டு வெளியேற்றும் நடவடிக்கைக்கும் அது காரணமாகலாம். அலுவலகத்தில் இருப்பவர் அவசரமாக "எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுங்கள்" என்றாலும், நிறுத்திப் படித்த பிறகே போட வேண்டும்.

இன்சூரன்ஸில் ஒளிவு மறைவு வேண்டாம்

இது நான் பல காலம் வேலை பார்த்த துறை. நம்பர் பிளேட் டெக்சஸ் என்பதால் இன்சூரன்ஸும் டெக்சஸ் முகவரியிலேயே இருக்கலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். இன்சூரன்ஸ் கட்டணம் கணக்கிடப்படுவது, கார் இரவில் எங்கே நிற்கிறது என்பதை வைத்து. கார் நார்ஃபோக்கில் நிற்கும்போது பாலிசியில் ஹூஸ்டன் முகவரி இருந்தால், விபத்து நடந்த பிறகு நிறுவனம் அதைக் கண்டுபிடிக்கும். இழப்பீடு மறுக்கப்படலாம், பாலிசியே ரத்தாகலாம். மாதம் முப்பது நாற்பது டாலரை மிச்சம் பிடிக்கப் போய், மருத்துவமனைச் செலவைத் தலையில் ஏற்றிக்கொள்ளக் கூடாது.

மாற்றல் தேதி தெரிந்தவுடன் முகவரை அழைத்து இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். கார் எந்த மாநிலத்தில் பதிவு, எந்த ஊரில் நிற்கப் போகிறது என்ற இரண்டும். இரண்டுக்கும் பொருந்தும் பாலிசியை எழுதித் தரச் சொல்லுங்கள். படையினர் கார்களை நெடுங்காலமாகக் கவனிக்கும் நிறுவனங்களுக்கு இது அன்றாட வேலை.

கட்டாய இன்சூரன்ஸின் அளவும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மூன்று எண்களாகச் சொல்வார்கள். ஒருவரின் காயத்துக்கு, ஒரு விபத்தில் காயம்பட்ட அனைவருக்கும் சேர்த்து, பிறர் சொத்துச் சேதத்துக்கு என்று வரிசை. டெக்சஸில் 30,000, 60,000, 25,000 டாலர். கலிபோர்னியா நீண்டகாலமாக 15,000, 30,000, 5,000 என்று வைத்திருந்து, 2025 ஜனவரி முதல் 30,000, 60,000, 15,000 ஆக உயர்த்தியது. அதே மாதம் வெர்ஜீனியா 50,000, 100,000, 25,000 ஆக உயர்த்தியது. இவை குறைந்த அளவுகளே. சாலையில் ஓடும் பல பிக்கப் வண்டிகளின் விலை 50,000 டாலருக்கு மேல். அப்படி ஒன்றை இடித்துவிட்டால் 15,000 டாலர் எந்த மூலைக்குக் காணும்?

பிள்ளை கடல் கடந்து பணிக்குப் போகும்போது கார் சும்மா நிற்கும். இன்சூரன்ஸை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். நம்பர் பிளேட் உயிரோடு இருக்கும்போது இன்சூரன்ஸ் நின்றால், பதிவையும் உரிமத்தையும் இடைநிறுத்தும் மாநிலங்கள் உண்டு. நியூயார்க்கில் முதலில் நம்பர் பிளேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் இன்சூரன்ஸை நிறுத்த வேண்டும். நிறுத்தி வைக்கும் காலத்துக்கென்று குறைந்த கட்டணப் பாலிசி இருக்கிறதா என்று கேளுங்கள்.

சாலை விதியில் சலுகை இல்லை

எந்த மாநிலச் சாலையில் ஓடுகிறதோ அந்த மாநில விதிதான். படை அட்டையைக் காட்டித் தப்ப முடியாது. வெர்ஜீனியாவில் அனுமதித்த வேகத்தைவிட மணிக்கு 20 மைல் கூடுதலாகவோ, எந்தச் சாலையானாலும் 85 மைலுக்கு மேலோ ஓட்டினால் அது 'ரெக்லெஸ் டிரைவிங்', அதாவது குற்றவியல் குற்றம். 12 மாதம் வரை சிறையும் 2,500 டாலர் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. டெக்சஸின் சில நெடுஞ்சாலைகளில் 80, 85 மைல் வேகத்துக்கே அனுமதி இருப்பதால், அங்கே ஓட்டிப் பழகிய பிள்ளைகள் வெர்ஜீனியாவில் மாட்டிக்கொள்கிறார்கள். அபராதம் கட்டினால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். குற்றப் பதிவு ஏற்பட்டால் ரகசியப் பணிக்கான பாதுகாப்பு அனுமதியிலும் குடியுரிமை விண்ணப்பத்திலும் அதைச் சொல்ல வேண்டிவரும். ரேடார் கண்டறியும் கருவியை வைத்து ஓட்டுவதும் வெர்ஜீனியாவில் தடை.

முகாமுக்குள் வேறு விதிகள் உண்டு. வெளியே மாநிலச் சட்டம் எப்படியிருந்தாலும், படைத்துறை முகாம்களுக்குள் கையில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு ஓட்டக் கூடாது. இது பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கும் பொருந்தும். புகைச் சோதனை கட்டாயமான பகுதிகளில் உள்ள முகாம்கள், வெளிமாநில நம்பர் பிளேட் கார்களிடமும் புகைச் சான்று கேட்கலாம்.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிச் சொல். டெக்சஸ், புளோரிடா போன்ற மாநிலங்கள் வயது வந்தவர்களைச் சில நிபந்தனைகளோடு ஹெல்மெட் இல்லாமல் ஓட்ட விடுகின்றன. படையினருக்கு அது பொருந்தாது. படைத்துறை விதிப்படி முகாமுக்கு உள்ளேயும் வெளியேயும், பணியிலும் விடுமுறையிலும் ஹெல்மெட் கட்டாயம், பாதுகாப்புப் பயிற்சியும் கட்டாயம்.

லீஸும் கடனும்

காரை லீஸுக்கு எடுத்திருந்தால், மாற்றல் உத்தரவு வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. வீட்டு வாடகைக்கு அது ஏறக்குறைய சரி. காருக்கு அப்படி இல்லை. அமெரிக்கப் பெருநிலத்துக்குள் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு மாற்றல் என்றால், கார் லீஸை முறிக்கும் உரிமையை மத்திய சட்டம் தரவில்லை. பெருநிலத்திலிருந்து வெளியே, அதாவது ஹவாய், அலாஸ்கா, ஜெர்மனி, ஜப்பான் போன்ற இடங்களுக்கு மாற்றல் வந்தாலோ, 180 நாள் அல்லது அதற்கு மேல் வெளிப்பணிக்கு அனுப்பப்பட்டாலோ அந்த உரிமை உண்டு. படையில் சேரும் முன் எடுத்த லீஸ் என்றால், 180 நாளோ அதற்கு மேலோ பணிக்குச் சேரும்போதும் உண்டு. எழுத்து மூலம் தெரிவித்து, உத்தரவின் நகலை இணைத்து, 15 நாளுக்குள் காரை ஒப்படைத்தால், முன்கூட்டி முறித்ததற்கான அபராதம் வாங்கக் கூடாது.

படையில் சேரும் முன் வாங்கிய கார்க் கடனுக்குப் பணிக்காலத்தில் வட்டி 6 சதவீதத்துக்கு மேல் கூடாது. ஆனால் கேட்டால்தான் குறைப்பார்கள். பணி முடிந்து 180 நாள் வரை கேட்கலாம். சேரும் முன்பே ஒரு தவணையாவது கட்டியிருந்தால், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் காரைப் பறிமுதல் செய்யவும் கூடாது. பணியில் சேர்ந்த பிறகு வாங்கிய கடனுக்கு இவை பொருந்தா. முகாம் வாசலில் இருக்கும் கார்க் கடைகளில் முதல் சம்பளத்தோடு போய் நிற்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை

1. சம்பளச் சீட்டில் எந்த மாநிலம் என்று பாருங்கள். உரிமம், கார்ப் பதிவு இரண்டும் அதனோடு பொருந்துகின்றனவா என்று சரிபாருங்கள்.

2. எடுத்துச் செல்லும் ஒவ்வொரு காரின் டைட்டிலையும் எடுத்து, யார் பெயர் என்று படியுங்கள். தேவையானால் மாற்றுங்கள்.

3. கடனோ லீஸோ இருந்தால், காரை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக ஒப்பந்தத்தில் அனுமதி கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கப்பலில் அனுப்புவதானால் கடன் கொடுத்தவரின் கடிதம் கட்டாயம் வேண்டும்.

4. இன்சூரன்ஸ் முகவருக்குப் புது ஊரையும் போய்ச் சேரும் தேதியையும் சொல்லுங்கள்.

5. உத்தரவு, சம்பளச் சீட்டு, திருமணச் சான்றிதழ், வரி ரசீது ஆகியவற்றின் நகல்களை ஓர் உறையில் போட்டு, கையோடு எடுத்துச் செல்லுங்கள். வீட்டுச் சாமான் லாரியில் ஏற்றிவிட்டால் அது வந்துசேரும்வரை காத்திருக்க வேண்டும்.

6. புது ஊரில் வரிச்சீட்டு வந்தால் பேசாமல் கட்டவும் வேண்டாம், குப்பையில் போடவும் வேண்டாம். கெடுவுக்குள் நகல்களை இணைத்து விலக்குக் கேட்டு எழுதுங்கள்.

ஒவ்வொரு பெரிய முகாமிலும் 'லீகல் அசிஸ்டன்ஸ்' என்ற சட்ட உதவி அலுவலகம் உண்டு. படையினருக்கும் குடும்பத்தாருக்கும் அங்கே ஆலோசனை இலவசம். நான் சொன்னது பொது விவரம். உங்கள் பிள்ளையின் காகிதங்களைப் பார்த்துச் சொல்லக் கூடியவர்கள் அவர்கள்தான். டி.எம்.வி. ஊழியர் ஒன்று சொல்லி, நண்பர் வேறொன்று சொன்னால், அங்கே போய்க் கேட்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் இதையெல்லாம் தாங்களே பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட வேண்டாம். மாற்றல் உத்தரவு வந்த வாரத்தில் அவர்களுக்கு நூறு வேலை இருக்கும். டைட்டில் யார் பெயரில் இருக்கிறது என்று பீரோவைத் திறந்து பார்ப்பது நம்மால் முடிந்த உதவி. இந்த மாதமே பார்த்துவிடுங்கள். அவர்கள் நலமாகப் போய், நலமாகத் திரும்பட்டும்.